டாக்குமெண்டாக அனுப்பவும்

இறந்தவனின் தலைமுடி ஓரத்தைப் பின்னணியிலிருந்து பிரித்து வெட்டிக்கொண்டிருந்தபோதுதான் முத்துச்செல்வி அந்த விரல்களைப் பார்த்தாள்.

கதவு நிலையில் பெயின்ட் உரிந்திருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தாள். படத்தில் இருந்தவன் சுடலைக்கண்ணு, ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை பார்த்தவன். தீபாவளிக்கு எடுத்த புதுச்சட்டையோடு வாடகை அறையின் வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் பாதி திறந்த கதவு, கதவுக்கு அப்பால் இருட்டு. முடியின் ஓரம் அந்த இருட்டோடு கலந்து கிடந்ததால், வெட்டுவதற்குத் தோதாக இருக்கட்டும் என்று கறுப்புப் பகுதியின் வெளிச்சத்தை அவள் கொஞ்சம் ஏற்றினாள். கறுப்பு சாம்பலாயிற்று. சாம்பலுக்குள்ளிருந்து கதவு நிலை மெல்ல எழும்பி வந்தது. உள்ளேயிருந்து அந்த நிலையைப் பற்றிக்கொண்டு நான்கு விரல்கள்.

பையனின் முழங்கால் உயரத்தில்.

படத்தைப் பெரிதாக்கினாள். பெரிய ஆளின் விரல்கள்தான். எலும்பு தெரியும் கணுக்கள், மடிப்பு மடிப்பாகத் தோல். நகம் மட்டும் இல்லை. நகம் இருக்க வேண்டிய இடத்திலும் தோலே போர்த்தியிருந்தது.

எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் சுடலைக்கண்ணுவின் அறைத்தோழன் நம்பிராஜன் உட்கார்ந்திருந்தான். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. முந்தின நாள் ஷிப்ட் முடிந்து பைக்கில் வரும்போது, ஓரமாக நின்ற டிரெய்லரை மழையில் கவனிக்காமல் மோதியிருந்தான் சுடலைக்கண்ணு.

"தம்பி, இந்த போட்டோ எடுக்கும்போது ரூமுக்குள்ள யாரும் இருந்தாங்களா?"

"யாரும் இல்லக்கா. நான்தான் எடுத்தேன். நாங்க ரெண்டு பேரும் மட்டும்தான்."

"உள்ள யாராச்சும் குத்தவச்சு உக்காந்துகிட்டு..."

"ரூம பூட்டிட்டுக் கெளம்புத நேரம்க்கா அது. உள்ள யாரு இருக்கப் போறா?" என்று சொல்லிவிட்டு அவன் மறுபடி கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

ஸ்ரீபெரும்புதூரில் ஒரகடம் போகும் சாலையை ஒட்டி, பஞ்சர் கடைக்கும் பிரியாணிக் கடைக்கும் நடுவில் இருந்தது புருஷோத்தமனின் பிளக்ஸ் கடை. பின்னறையில் அச்சு இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்கும். அதன் தலை இடமும் வலமுமாகச் சறுக்கும் சத்தமும், மூக்கின் அடியில் போய் ஒட்டிக்கொள்ளும் மையின் எரிநாற்றமும் சாயங்காலம் வீட்டுக்குப் போய்த் தலை குளித்த பிறகும் போகாது. காதுகுத்து, கட்சிக்காரர் பிறந்தநாள், கடை திறப்பு, கண்ணீர் அஞ்சலி. தெற்கிலிருந்து வேலைக்கு வந்த பையன்கள் செத்துப்போனால், உடல் ஊருக்குப் போய்ச் சேர்வதற்குள் கூட வேலை பார்த்தவர்கள் ஒரு பிளக்ஸ் அடித்து அறை வாசலில் கட்டிவிடுவார்கள். எல்லோரும் படத்தை வாட்ஸப்பில்தான் அனுப்புவார்கள். அது வந்து சேரும்போது பாதி செத்திருக்கும்.

இதை முத்துச்செல்வி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், கடைசியில் கண்ணாடிக் கதவிலேயே அச்சடித்து ஒட்டிவிட்டாள்: 'போட்டோவை டாக்குமெண்டாக அனுப்பவும்.' ஏன் என்று கேட்பவர்களுக்கு அவளிடம் ஒரு விளக்கம் இருந்தது. போட்டோவாக அனுப்பினால் செயலி அதை நசுக்கிச் சின்னதாக்கிவிடும். நம் கண் எதைக் கவனிக்காது என்று அதுவாக ஒரு கணக்குப் போட்டு, அதையெல்லாம் எடுத்துத் தூரப் போட்டுவிடும். போனில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. பத்தடிக்கு அடித்தால் முகம் கட்டம் கட்டமாக உடையும். டாக்குமெண்டாக அனுப்பினால் கேமரா பார்த்தது அப்படியே வரும்.

நம்பிராஜன் முதலில் போட்டோவாகத்தான் அனுப்பியிருந்தான். அவள் சொன்ன பிறகுதான் டாக்குமெண்டாக அனுப்பினான். இப்போது அந்த முதல் கோப்பைத் திறந்து, அதிலும் இருட்டின் வெளிச்சத்தை ஏற்றிப் பார்த்தாள். பழுப்பும் கறுப்புமாகச் சதுரங்கள். விரல் இல்லை. கதவு நிலைகூட இல்லை. இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒன்றில் சுடலைக்கண்ணு தனியாக நின்றான். இன்னொன்றில் தனியாக இல்லை.

"இன்னாமா, இன்னும் முடிலயா? மிஷின் சும்மா நிக்குது" என்று புருஷோத்தமன் பின்னறையிலிருந்து வந்தார்.

"அண்ணா, இதக் கொஞ்சம் பாருங்க."

அவர் குனிந்து திரையைப் பார்த்தார். வெறும் பெயின்ட் உரிசல் என்றால் அவ்வளவு நேரம் பார்க்கத் தேவையில்லை. வெளியே ஒரு கம்பெனி பஸ் தேங்கிய மழைநீரைக் கிழித்துக்கொண்டு போன சத்தத்தில்தான் நிமிர்ந்தார்.

"நெயலுமா அது" என்றார். இரண்டடி போனவர் திரும்பி வந்தார். "நீ ஏன் அதையெல்லாம் ஏத்திகினு கீற? இருட்ட இருட்டாவே வுட்டுடு."

அவள் பையனை மட்டும் வெட்டி எடுத்து, மேகமும் மெழுகுவத்தியும் உள்ள வழக்கமான பின்னணியில் வைத்தாள். கதவும் இருட்டும் விரல்களும் வெட்டுப்பட்டுக் கழிந்தன. அன்றைக்கு அதோடு விட்டது.

முத்துச்செல்வியும் அவள் கணவன் வனமாமலையும் மண்ணூரில் ஒரு மாடி அறையில் குடியிருந்தார்கள். அவள் கோவில்பட்டிக்காரி, அவன் நாங்குநேரிக்காரன். கல்யாணமாகி இன்னும் தலை தீபாவளிப் பட்டுப்புடவையின் கஞ்சி மணம் போகவில்லை. அவன் ஒரகடத்தில் கார் கண்ணாடி செய்யும் கம்பெனியில் லைனில் நின்றான். ஒரு வாரம் பகல் ஷிப்ட், ஒரு வாரம் இரவு ஷிப்ட். கீழே வீட்டுக்காரர் நாகப்பன். பழைய விவசாயி, நிலத்தை விற்ற பிறகும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மொட்டைமாடித் தொட்டிச் செடிகளுக்கு விடியற்காலையில் தண்ணீர் ஊற்றுகிறவர். முத்துச்செல்விக்குக் காய்ச்சல் வந்தபோது, வனமாமலை ஷிப்டில் இருக்க, அவர்தான் டிவிஎஸ் வண்டியில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்.

அவருக்கு அறுபதாம் கல்யாணம் வந்தது. பிளக்ஸ் அடிப்பது முத்துச்செல்வி என்று வீட்டில் பேச்சே இல்லாமல் முடிவாயிற்று. அவர் மகள் கவிப்பிரியா படத்தை டாக்குமெண்டாகவே அனுப்பினாள்.

மாடிப்படிக்குக் கீழே நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் நாகப்பன். ஏதோ பேசிக்கொண்டிருக்கும்போது எடுத்த படம், வாய் பாதி திறந்து, கண் இடுங்கிய சிரிப்பு. படிக்கட்டின் அடியில் பழைய சைக்கிள் டயரும் சிமென்ட் மூட்டையும் கிடக்கும் மூலை. தினமும் அவள் செருப்பைக் கழற்றும் இடம் அதற்கு எதிரேதான்.

அவள் இருட்டைத் தொடவே கூடாது என்றுதான் நினைத்தாள். மவுஸ் மேல் இருந்த விரல் கேட்கவில்லை.

கறுப்பு சாம்பலானது.

டயர். மூட்டை. நாற்காலியின் பின்கால். பின்காலைப் பிடித்தபடி, நகமில்லாத விரல்கள்.

இந்த முறை மணிக்கட்டு வரை தெரிந்தது. அதற்கு மேல் படிக்கட்டின் நிழல். கை வந்த கோணத்தைப் பார்த்தால், அதற்குச் சொந்தமானது தரையோடு தரையாகப் படுத்திருக்க வேண்டும்.

அவள் நாற்காலியை இரண்டடி பின்னால் தள்ளிக்கொண்டாள். பின்னறையில் இயந்திரம் யாருக்கோ முகத்தை நெற்றியிலிருந்து கீழ்நோக்கிப் பட்டை பட்டையாக அடித்துக்கொண்டிருந்தது. போனை எடுத்து நாகப்பனின் எண்ணுக்கு வந்து நின்றாள். என்ன சொல்வது? ஐயா, உங்கள் படத்தில் ஒரு கை இருக்கிறது. செத்துப்போன ஒரு பையனின் படத்திலும் இருந்தது. அவர் சிரிப்பார். சிரிக்காமல் பயந்துபோனால் அது இன்னும் மோசம், விசேஷ வீடு. போனைக் கவிழ்த்து வைத்தாள்.

அச்சுக்குப் போகும் கோப்பை எப்போதும் டிஃப் ஆகத்தான் சேமிப்பாள். அதில் ஒரு புள்ளியும் இழப்பில்லை. அப்படிச் சேமித்தால் அந்த விரல்களும் மையாகி, ஆறடிக்கு எட்டடியில் நாகப்பனின் வாசலில் தொங்கும். கண்ணுக்குத் தெரியாது. இருந்தாலும் தொங்கும். அவள் படத்தை நசுக்கிச் சேமிக்கும் ஜேபெக்கைத் தேர்ந்தெடுத்தாள். தரத்துக்கான குமிழை இடதுபக்கம் இழுத்தாள். பாதி, பாதிக்கும் கீழே, கிட்டத்தட்ட அடிவரை. சேமித்துத் திறந்து இருட்டின் வெளிச்சத்தை ஏற்றினாள். சதுரங்கள். வெறும் சதுரங்கள்.

அடித்து வந்த பிளக்ஸை விரித்துப் பார்த்த புருஷோத்தமன் முகம் சுளித்தார். "இன்னாமா இது, மூஞ்சி புள்ளி புள்ளியா கீது? ஒரிஜினல் தந்தாங்க இல்ல?"

"இதுதாண்ணா வந்துச்சு" என்று பொய் சொன்னாள்.

நாகப்பன் அதைக் கண்டுகொள்ளவில்லை. "எம்மாம் பெருசா கீறேன் பாரு, எலக்சன்ல நிக்கிற மாரி" என்று வாசலில் நின்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டினார். மாலை மாற்றும்போது அவர் மனைவி செங்கமலம் அம்மாள் வெட்கப்பட்டதைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். வனமாமலை பந்தியில் பரிமாறினான். முத்துச்செல்வி மட்டும் படிக்கட்டுப் பக்கம் போகாமல், செருப்பைத் தெருவிலேயே கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த வாரம் ஒரு காலையில் கீழே செங்கமலம் அம்மாள் அலறினாள். மோட்டார் போடப் போன நாகப்பன், சுவிட்ச் பெட்டியைத் தொடுவதற்கு முன்னாலேயே படிக்கட்டின் அடியில் விழுந்து கிடந்தார். மாரடைப்பு என்றார்கள். மூக்குக் கண்ணாடி கழன்று சிமென்ட் மூட்டையின் மேல், யாரோ எடுத்து வைத்ததுபோல, உடையாமல் இருந்தது.

கவிப்பிரியா மாடிக்கு ஏறி வந்தாள். குரலே இல்லை. "அக்கா, பிளக்ஸுக்கு அதே போட்டோவே போட்டுடுக்கா. அதுலதான் அப்பா நல்லா சிரிச்சிகினு கீறாரு. ஒரிஜினல் என் போன்ல அப்டியே கீது, திருப்பி அனுப்பவா?"

ஒரிஜினல் அப்படியே இருக்கிறது.

அந்த வார்த்தை முத்துச்செல்விக்குள் விழுந்து அங்கேயே தங்கிவிட்டது. இழவு வீட்டில் எல்லோருக்கும் காபி கலந்துகொடுத்தபோதும், சுடுகாட்டுக்குப் போனவர்கள் திரும்பி வருவதற்காக வாசலில் தண்ணீர் எடுத்து வைத்தபோதும் அதையே நினைத்தாள். பிளக்ஸுக்குப் போனதைத்தான் அவள் நசுக்கினாள். அசல் கோப்பு கவிப்பிரியாவின் போனில் இருந்தது. அதற்குள் நாற்காலியின் காலைப் பிடித்தபடி அந்தக் கை இருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவர் அந்தப் படிக்கட்டுப் பக்கம் போகாமலாவது இருந்திருப்பாரோ என்னவோ. எந்தப் படத்தில் இருக்கிறது என்று தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன மனுஷனைப் போகவிட்டாள்.

அதன் பிறகு அவள் தேடத் தொடங்கினாள். கடைக்கு வந்த படங்களையெல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்து இருட்டை ஏற்றிப் பார்த்தாள். கட்டில் அடி, பீரோ இடுக்கு, மரத்தின் பின்பக்கம், திறந்த ஜன்னல். ஒன்றிலும் இல்லை. அவளுடைய கல்யாண ஆல்பத்தின் கோப்புகளில் இல்லை. புருஷோத்தமனின் படத்தில் இல்லை. மூச்சு கொஞ்சம் இறங்கியது. வனமாமலைக்கு இரவு ஷிப்ட் தொடங்கிய அன்று, வானம் மதியத்திலிருந்தே இருட்டிக்கொண்டு மழை பிடித்தது. சாயங்காலம் கடையில் மின்சாரம் போய், இன்வெர்ட்டரில் ஒரு விளக்கும் அவளுடைய கணினியும் மட்டும் எரிந்தன. அச்சு இயந்திரம் நின்றிருந்தது. அது நின்றால்தான் மழை எவ்வளவு சத்தம் என்று தெரியும். புருஷோத்தமன் லைன்மேனைப் பார்க்கப் போயிருந்தார்.

போன் துடித்தது. வனமாமலை கம்பெனி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து ஒரு செல்பி அனுப்பியிருந்தான். கீழே, 'பஸ் காலியா கெடக்கு. எனக்கு மட்டும் தனி வண்டி.'

யூனிபார்ம் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, தலையில் மழைத்துளி. பின்னால் காலியான இருக்கைகள், கடைசியில் இருட்டு. அவள் படத்தைக் கணினிக்கு அனுப்பி இருட்டை ஏற்றினாள்.

சதுரங்கள்.

அவன் போட்டோவாக அனுப்பியிருந்தான்.

சதுரங்களைப் பார்த்துக்கொண்டே அவனை அழைத்தாள். பஸ்ஸின் இரைச்சலுக்கு நடுவில் அவன் குரல் வந்தது. "சொல்லுட்டி."

"அந்த போட்டோவ டாக்குமெண்டா அனுப்புங்க."

"எதுக்கு? எனக்கும் பிளக்ஸ் அடிக்கப் போறியா?" என்று சிரித்தான்.

"அனுப்புங்கன்னா அனுப்புங்களேன்!"

"என்னட்டி ஆச்சு உனக்கு? அழுதியா என்ன?"

"இல்ல. உங்க பக்கத்துல யாரு இருக்கா?"

"ஒருத்தனும் இல்ல. டிரைவரண்ணன் முன்னாடி இருக்காரு."

"பின்னாடி?"

"காலியாத்தான் கெடக்கு. இரு, அனுப்புதேன்."

கோப்பு மெதுவாக இறங்கியது. பெரிய கோப்பு. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. மழை கண்ணாடிக் கதவை அறைந்தது. கதவில் அவள் ஒட்டிய எழுத்துகள் உள்பக்கத்திலிருந்து இடம் வலம் மாறித் தெரிந்தன. வட்டம் நின்றது.

திறந்தாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. நேராகப் பின்னிருக்கைக்குப் போனாள். வெளிச்சத்தை ஏற்றினாள்.

கறுப்பு சாம்பலானது.

அவன் இருக்கையின் முதுகுப்பக்கம். அதன் மேல் விளிம்பில் விரல்கள். இந்தக் கை எதையும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. விளிம்பைத் தாண்டி வந்திருந்தது. கட்டைவிரல் அவன் காலருக்கு உள்ளே போயிருந்தது.

விரல்களுக்குப் பின்னால், இரண்டு இருக்கைகளுக்கு நடுவிலிருந்த இடுக்கில், வழுவழுவென்று வெளிறிய ஒரு வளைவு. நெற்றி.

முத்துச்செல்வி மறுபடி அவனை அழைத்தாள். "எந்திரிங்க. அந்த சீட்ட விட்டு எந்திரிங்க. முன்னாடி போய் டிரைவர்கிட்ட உக்காருங்க."

"ஏட்டி..."

"எங்கம்மா மேல சத்தியம். எந்திரிங்க!"

அவன் எழுந்து நடப்பது கேட்டது. கம்பியைப் பிடித்துப் பிடித்துப் போகிறான். "சரி, வந்துட்டேன். இப்ப சொல்லு."

"அந்த போட்டோவ போன்ல இருந்து அழிங்க. டிரஷ்லயும் போய் அழிங்க. எனக்கு அனுப்பினதையும் ரெண்டு பக்கமும் அழிங்க. நான் ஒண்ணு அனுப்புதேன், அத மட்டும் வச்சுக்கோங்க."

"சரிட்டி. அழாத. நீ சொன்னா செய்யுதேன், போதுமா?"

அவன் எப்போதும் அப்படித்தான். காரணம் கேட்காமல் செய்வான்.

அவள் குமிழை இடதுபக்கம் இழுத்துச் சேமித்தாள். திறந்தாள். ஏற்றினாள். விரல்கள் மங்கியிருந்தன, போகவில்லை. இன்னும் கீழே இழுத்தாள். சேமித்தாள். கட்டைவிரல் ஒரு கறையாயிற்று. நெற்றி அப்படியே இருந்தது. படத்தின் அளவைப் பாதியாக்கினாள். சேமித்தாள். நசுங்கியதையே மறுபடி திறந்து மறுபடி நசுக்கினாள். ஒவ்வொரு முறையும் அந்த மூலையை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தாள், அவன் முகம் என்ன ஆயிற்று என்று பார்க்கவில்லை. இன்வெர்ட்டர் கீச்சிடத் தொடங்கியது. பாதியில் பாதி. சேமி. திற. ஏற்று. இன்னும் இருக்கிறது. சேமி. திற.

சதுரங்கள்.

ஒரே நிறத்தில், சுவர்போல், சதுரங்கள்.

அசலை அழித்தாள். குப்பைத்தொட்டியைக் காலி செய்தாள். சின்னக் கோப்பை அவனுக்கு அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. 'எல்லாம் அழிச்சாச்சு. நீ அனுப்புனது மட்டும் இருக்கு.' அவள் மேசை மேல் தலையைக் கவிழ்த்து அழுதாள். இன்வெர்ட்டர் நின்று, விளக்கும் திரையும் ஒன்றாக அணைந்தபோதும் அவள் தலையை நிமிர்த்தவில்லை.

அன்று கீழே செங்கமலம் அம்மாளோடு படுத்துக்கொண்டாள். தூங்கவில்லை. டிபன் இடைவேளையில் அவன் 'சாப்ட்டேன்' என்று ஒரு செய்தி அனுப்பினான். அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. லைனில் நிற்கும்போது போன் லாக்கரில் இருக்கும். அது அவளுக்குத் தெரியும். தெரிந்தும், ஒரு போன் மணி அடித்துவிடுமோ என்று, அடிக்காத போனைக் கையில் வைத்துக்கொண்டே கிடந்தாள்.

விடிந்து அவள் மாடிக்கு ஏறி வந்தபோது மழை விட்டிருந்தது. கழுவிவிட்டதுபோல் வெயில் வந்தது. தெருமுனையில் கம்பெனி பஸ் நிற்கும் சத்தம் கேட்டு மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாள். இறங்கி வந்துகொண்டிருந்தான். வனமாமலை. நடந்து, முழுசாக, உயிரோடு.

படியிறங்கி ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த கையை விடாமலே மாடிக்கு அழைத்து வந்தாள். அவன் கூடவே வந்தான். அறைக்குள் அவனைக் கட்டிக்கொண்டு நெஞ்சில் முகத்தைப் புதைத்தபோது, வழக்கமாக அவன் சட்டையில் இருக்கும் எண்ணெயும் வியர்வையும் கலந்த வாடை இல்லை என்று தோன்றியது. எந்த வாடையும் இல்லை. மழையில் நனைந்திருப்பான் என்று நினைத்துக்கொண்டாள்.

"குளிச்சிட்டு வாங்க. தோச ஊத்துதேன்" என்று அடுப்பில் கல்லை வைத்து எண்ணெய் விட்டாள்.

"சரி" என்றான். குரல் கொஞ்சம் தட்டையாக இருந்தது. தூக்கமில்லாத குரல்.

அவன் ஜன்னல் பக்கம் நின்றான். அவன் தலையைச் சுற்றி, முடி ஓரத்தில், கொசு மொய்ப்பதுபோல் என்னவோ துடித்துக்கொண்டிருந்தது. கையால் விசிறினாள். கொசு இல்லை. துடிப்பு இருந்தது. சட்டைப்பையில் தைத்திருந்த கம்பெனிப் பெயரைப் பார்த்தாள். எழுத்துகள் இல்லை. எழுத்து இருந்த இடத்தில் நீலமாக ஒரு இழுப்பு. அடையாள அட்டையைத் திருப்பினாள். அதிலும் ஒரு இழுப்பு.

அவன் கையை எடுத்து விரித்தாள்.

உள்ளங்கையில் ஒரு ரேகை இல்லை. தட்டைக் கவிழ்த்து வைத்ததுபோல் வழுவழுவென்று இருந்தது. விரலில் கணுக்களின் மடிப்பு இல்லை. திருப்பினாள். நகங்கள் இருந்தன. நகம் எங்கே முடிகிறது, தோல் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை.

"ஏங்க" என்றாள். மறுபடி, "ஏங்க."

"ம்."

"என் பேரச் சொல்லுங்க."

அவன் யோசித்தான். அவள் மேல் அன்போடுதான் பார்த்தான். அந்த அன்பு மட்டும் முழுசாக இருந்தது, அவள் அதைக் கண்ணால் பார்த்தாள். கருவிழியில் ஜன்னலின் வெளிச்சம் ஒரே ஒரு வெள்ளைச் சதுரமாக நின்றது. இமையில் தனித்தனி மயிர் இல்லை, கறுப்பாக ஒரு கோடு.

"செ..." என்றான். அதற்கு மேல் அவனிடம் இல்லை.

அவள் கையை விடவில்லை. விட முடியவில்லை. வெளியே யாரோ மோட்டார் போட்டார்கள். கல்லில் வைத்திருந்த எண்ணெய் புகைந்தது. அவள் பயந்திருப்பதை அவன் பார்த்துவிட்டான். எப்போதும்போல அவளைத் தேற்றுவதற்காக, முகம் முழுக்க மலர்ந்து, அவன் சிரித்தான்.

உதடுகளுக்கு நடுவே பற்கள் இல்லை. இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, ஒரு கீறலோ இடைவெளியோ இல்லாமல், வெள்ளையாக ஒரே பட்டை.